சீர்மிகு மையம்: பெயரும் பணியிடமும்

பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் பயணம் செய்வோர், வழிநெடுகிலும் உயர்கல்வி நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளைக் கண்டிருப்பர். பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் அவை மேலும் பெருகும். தரவரிசை எண், நாக் குழுவின் மதிப்பெண், தன்னாட்சித் தகுதி ஆகியவற்றோடு அண்மைக்காலமாக மற்றொரு சொல்லும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. 'சீர்மிகு மையம்' என்பதே அது. செயற்கை நுண்ணறிவுக்கு ஒன்று, மின்வாகனத்துக்கு ஒன்று, ட்ரோனுக்கு ஒன்று என்று ஒரே வளாகத்தில் நான்கைந்து மையங்கள்கூட உண்டு.

கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றுச் சேலையூரில் வசிக்கும் என்னிடம், தெரிந்த பெற்றோர் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மையமெல்லாம் அரசாங்கம் அங்கீகரித்ததா, சார்?" ஒரே சொல்லில் விடை கூறத்தக்க கேள்வி அன்று அது.

'பல்கலைக்கழகம்' என்னும் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, தகுதியில்லாத எந்த நிறுவனமும் அப்பெயரைச் சூட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவின்கீழ் நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனங்கள்கூடத் தம் பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்று எழுதலாகாது என உச்சநீதிமன்றம் 2017-இல் கூறியதும், நம் புறநகரின் பல வாயில்களில் பலகைகள் மாற்றி எழுதப்பட்டதும் நினைவிருக்கலாம். 'சீர்மிகு மையம்' என்ற பெயருக்கு இத்தகைய காவல் ஏதும் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓர் அறையில் இருபது கணினிகளை வைத்துவிட்டும் அப்பெயரைச் சூட்டலாம். நடுவண் அரசின் ஒரு துறை பல கோடி நல்கை அளித்து உருவாக்கிய ஆய்வகமும் அதே பெயரில்தான் இயங்குகிறது. அரசே ஆணை பிறப்பித்து நிறுவிய மையமும் உண்டு. பெயர் ஒன்று, பொருள் மூன்று.

இம்மூன்றில் கடைசி வகைக்கு நம் பகுதியிலேயே சான்று இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலை வழியாக மேடவாக்கம் சென்று, அங்கிருந்து சோழிங்கநல்லூர் திசையில் திரும்பினால் பெரும்பாக்கம் வரும். அங்குள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், பிறக்கும்போதே சீர்மிகு மையமாகப் பிறந்தது. 2004 அக்டோபரில் தமிழைச் செம்மொழியாக நடுவண் அரசு அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2006-இல் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் 'செம்மொழித் தமிழ் உயராய்வு மையம்' தொடங்கப்பட்டது. 2008 மே மாதத்தில் அது சென்னைக்கு மாற்றப்பட்டு, தன்னாட்சி பெற்ற நிறுவனமாயிற்று. தமிழக முதலமைச்சரே அதன் தலைவர்.

இந்தத் தன்னாட்சி எத்துணைப் பெரிய பேறு என்பதை நம்மைவிடக் கன்னட அறிஞர்கள் நன்கறிவர். கன்னடமும் தெலுங்கும் 2008-இல் செம்மொழிகளாயின; அவற்றுக்கான மையங்கள் 2011-இல் மைசூர் நிறுவனத்தின் கீழ் அமைந்தன. தெலுங்கு மையம் பின்னர் நெல்லூருக்குச் சென்றது. தங்கள் மையத்துக்கும் தமிழுக்குக் கிடைத்ததைப் போன்ற தன்னாட்சி வேண்டும் என்று கன்னடர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர்.

அவர்கள் பொறாமைப்படத்தக்க அந்நிறுவனத்தை நாம் எப்படி நடத்தினோம்? சென்னைக்கு வந்த நிறுவனம் சேப்பாக்கம், தரமணி என இடம் மாறியது. பெரும்பாக்கத்தில் மாநில அரசு நிலம் வழங்க, ஏறத்தாழ ரூ.24 கோடியில் எழுப்பப்பட்ட கட்டடத்தைப் பிரதமர் 2022 ஜனவரி 12 அன்று காணொலி வழியாகத் திறந்து வைத்தார். சென்னைக்கு வந்து பதினான்காம் ஆண்டில் சொந்தக் கட்டடம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அரசுக் கட்டடங்கள் தாமதமாவது புதிதன்று. நிரந்தர இயக்குநர் ஒருவர் அமர்ந்தது 2020-இல்தான் என்பதை எப்படிப் பொறுப்பது? அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள் பொறுப்பு இயக்குநர்களே கோப்புகளில் கையெழுத்திட்டனர்.

விருதின் கதையும் இதுவே. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தம் சொந்தப் பணத்தில் ஒரு கோடி ரூபாய் வழங்கி இந்நிறுவனத்தில் அறக்கட்டளை நிறுவினார். அதன்வழி ரூ.10 லட்சம் கொண்ட முதல் விருது, சிந்துவெளி ஆய்வாளர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு 2010 கோவைச் செம்மொழி மாநாட்டில் வழங்கப்பட்டது. அடுத்து 2010 முதல் 2019 வரையிலான பத்து ஆண்டுகளின் விருதுகளும் 2022 ஜனவரியில் ஒரே மேடையில் வழங்கப்பட்டன. ஆண்டுக்கொரு முறை உலகத் தமிழாய்வின் பக்கம் கண்களைத் திருப்பியிருக்க வேண்டிய நிகழ்வு, நிலுவையைத் தீர்க்கும் நிகழ்வாகச் சுருங்கிவிட்டது.

இந்நிறுவனம் பணியே செய்யவில்லை என்று யாரும் கருதிவிட வேண்டா. நாற்பத்தொரு செவ்வியல் நூல்களுக்குச் செம்பதிப்புகள் கொண்டுவரும் திட்டம், திருக்குறளின் பன்மொழி மொழிபெயர்ப்புகள், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை, 45,000-க்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட நூலகம் ஆகியவை எளியவை அல்ல. ஆயினும் செம்பதிப்பு என்பது ஓரிரு ஆண்டுகளில் முடியும் வேலையன்று. ஒரு சங்க நூலின் சுவடிகளையெல்லாம் தேடித் திரட்டி, பாடவேறுபாடுகளைச் சொல் சொல்லாக ஒப்பிட்டு, எது மூலம், எது பின்னோர் திருத்தம் என்று துணிவதற்கு ஒருவர் தம் வாழ்வின் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கொடுக்க வேண்டும். அடுத்த மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று கவலைப்படும் இளைஞரிடம் அந்த ஆண்டுகளை நாம் எப்படிக் கேட்க முடியும்?

நான் பணியாற்றிய துறை ஒன்றும் ஒரு காலத்தில் ஐந்தாண்டுச் சிறப்பு நல்கை பெற்றது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குழு வந்து பார்வையிட்ட வாரத்தில் சுவருக்கு வண்ணம் பூசினோம், கோப்புகளை அடுக்கினோம், நல்கையும் கிடைத்தது. விலையுயர்ந்த கருவி ஒன்று வாங்கினோம். அதை இயக்கவும் பழுது நீக்கவும் கற்றுத் தேர்ந்தவர் திட்டப் பணியாளராகச் சேர்ந்த ஓர் இளைஞர். ஐந்தாண்டு முடிந்தது, பெயர்ப்பலகை அப்படியே இருந்தது, அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவுக்குப் போய்விட்டார். கருவிக்கு உறை போட்டு மூடினோம். திட்டம் முடிந்ததும் அவருக்கொரு நிரந்தரப் பணியிடம் ஏற்படுத்த வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

அங்கீகாரம் என்பது தொடக்கத்தில் இப்படி இருந்ததில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1960-களின் தொடக்கத்தில் 'உயராய்வு மையங்கள்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே உலகம் மதிக்கும் பணியைச் செய்து முடித்த துறைகளையே தேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவம், தாவரவியல், படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறைகள் அவ்வாறு தேர்வு பெற்றவை. கிண்டி வளாகத்துக்கு ஜி.என். இராமச்சந்திரன் 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொல்லாஜன் மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்து, 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் அதன் முப்புரி அமைப்பை வெளியிட்டார். இன்று உலகின் எந்த உயிர்வேதியியல் பாடநூலிலும் காணப்படும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வந்தது. அங்கீகாரம் பணியைப் பின்தொடர்ந்து வந்தது, முன்னே ஓடவில்லை. அவருக்குப் பக்கபலமாக இருந்த துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1969-இல் விலகிய பின், இராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். மையம் சென்னையில் இருந்தது. மையத்தை மையமாக்கியவர் இங்கில்லை.

சென்னையின் இராமானுஜன் கணித நிறுவனத்தின் வரலாறும் இங்கே பொருந்தும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950-இல் நிறுவியது அது. 1957-இல் அவர் மறைந்ததும் நிறுவனம் மூடப்படும் நிலை ஏற்பட்டது. வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. பத்தாண்டு கழித்து, 1967-இல், அது கணிதத்துக்கான உயராய்வு மையத்தின் பகுதியாயிற்று. அன்று காப்பாற்றப்பட்டவை சில பேராசிரியர் பணியிடங்களே. அவை இருந்ததால்தான் பிற்பாடு பட்டம் தேடி வந்தது.

இனி குரோம்பேட்டைக்கு வருவோம். சி. இராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி., 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் வளாகங்களுள் ஒன்றாயிற்று. அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது இங்குதான். 2016 நிதிநிலை அறிக்கையில் நடுவண் அரசு ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. பத்து அரசு நிறுவனங்களையும் பத்துத் தனியார் நிறுவனங்களையும் 'உயர்சிறப்புக் கல்வி நிறுவனங்களாக'த் தேர்ந்தெடுத்து உலகத் தரத்துக்கு உயர்த்துவது என்பது அத்திட்டம். தேர்வாகும் அரசு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகளில் ரூ.1,000 கோடி வரை கிடைக்கும். தனியாருக்குப் பணமில்லை, கட்டணம், பாடத்திட்டம், அயல்நாட்டு மாணவர், அயல்நாட்டு ஆசிரியர் ஆகியவற்றில் கூடுதல் சுதந்திரம் மட்டும் உண்டு. 2018-இல் முதல் ஆறு பெயர்கள் வெளியானபோது, இன்னும் கட்டியே முடிக்கப்படாத ஜியோ கல்வி நிறுவனம் அதில் இடம்பெற்று நாடு முழுதும் பேசுபொருளாயிற்று. பணி தொடங்குமுன்பே பட்டம் தருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டில் வந்த பரிந்துரைப் பட்டியலில் சென்னை ஐ.ஐ.டி.யும் இருந்தது, அண்ணா பல்கலைக்கழகமும் இருந்தது. ஐ.ஐ.டி. நடுவண் அரசின் நிறுவனம். அதற்குச் சிக்கல் எழவில்லை. அதே ஆண்டில் தகுதி கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகம் மாநில அரசுக்கு உரியது. திட்டச் செலவில் மாநில அரசும் தன் பங்கை ஏற்பதாக உறுதியளித்தால்தான் தகுதி உண்டு என்றனர். அதே நிபந்தனைதான் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்கும்.

தமிழகத்தில் இது நிதிப் பிரச்னையாக மட்டும் நிற்கவில்லை. 69 விழுக்காடு இடஒதுக்கீடு பாதிக்கப்படுமா, கட்டணம் உயருமா, தனி நுழைவுத் தேர்வு வருமா என்ற ஐயங்கள் எழுந்தன. அவை நியாயமான ஐயங்களே; தாம்பரம் மின்சார ரயிலில் வந்து எம்.ஐ.டி.யில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உலகத் தரவரிசையைவிடக் கட்டணச் சீட்டே முக்கியம். இதனிடையே, பல்கலைக்கழகத்தின் உள்வருவாயைக் கொண்டே திட்டத்தை நடத்த இயலும் என்று அப்போதைய துணைவேந்தர் நேரடியாக நடுவண் அரசுக்கு எழுதினார். மாநில அரசு சினமுற்றது. அத்தகுதியை ஏற்கப் போவதில்லை என 2020 அக்டோபரில் உயர்கல்வித் துறை அமைச்சர் அறிவித்தார். மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, இடஒதுக்கீட்டையும் கட்டணத்தையும் எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்றே நான் எண்ணுகிறேன். ஆயிரம் கோடி ரூபாய்க்கான வாய்ப்பு, கடிதப் போரில் கரைந்தது. அதே அண்ணா பல்கலைக்கழகம் 2024-இல் தேசியத் தரவரிசையில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுள் முதலிடம் பெற்றது.

கூட்டாட்சி நாட்டில் இத்தகைய அங்கீகாரத்தை வழங்கவே முடியாதா? ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் அதிகாரம். அங்கே 'சிறப்புநிலைத் திட்டம்' தொடங்குமுன்பே செலவில் நான்கில் மூன்று பங்கு நடுவண் அரசுக்கு, ஒரு பங்கு மாநிலத்துக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகுதான். அங்கே பட்டம் நிரந்தரமும் அன்று. 2012 மறுஆய்வில் கார்ல்ஸ்ரூ, ஃபிரைபர்க், கோட்டிங்கன் ஆகிய மூன்று புகழ்மிக்க பல்கலைக்கழகங்கள் தம் சிறப்புநிலையை இழந்தன. கணிதத்தில் காஸும் ஹில்பர்ட்டும் பணியாற்றிய கோட்டிங்கனிடமிருந்தே பட்டத்தைத் திரும்பப் பெற்றனர் என்றால், அந்தப் பட்டத்துக்குப் பொருள் இருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்? நம் நாட்டில் மையம் என்ற பெயரை எவரும் இழந்ததாகக் கேள்விப்படுவது அரிது. நல்கை நின்றாலும் பலகை நிற்கும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துக்குள்ளேயே இன்னொரு வகை மையமும் இருக்கிறது. அமெரிக்காவில் எக்சோடஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கே.பி. சந்திரசேகர் அளித்த நன்கொடையில் 1990-களின் இறுதியில் உருவான ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் அது. தமிழ்ச் சொற்களைப் பகுதி, விகுதி எனக் கணினி பிரித்தறியும் மென்பொருளிலும், தமிழ்-இந்தி எந்திர மொழிபெயர்ப்பிலும் தொடக்கக் காலத்திலேயே உழைத்த இடங்களுள் இதுவும் ஒன்று. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் அரசு அமைத்தபோது, சி-டாக் நிறுவனத்தோடு இம்மையத்தையும் இணைத்துக்கொண்டது. அரசு இதற்குப் பட்டம் சூட்டவில்லை, வேலை கொடுத்தது. ஒரு வகையில் அதுவே சிறந்த அங்கீகாரம். ஆனால் திட்டத்திலிருந்து திட்டத்துக்குத் தாவி வாழும் நிலை இத்தகைய மையங்களுக்கும் உண்டு.

பெரும்பாக்கத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஓரிடத்தில் சங்க இலக்கியத்தின் செம்பதிப்பு. மற்றோரிடத்தில் தமிழைக் கணினிக்குக் கற்பிக்கும் ஆய்வு. செம்மைப்படுத்தப்பட்ட மூலபாடம் கணினித் தமிழாய்வுக்கு உரம். கணினியின் ஒப்பீட்டுத் திறன் பாடவேறுபாட்டு ஆய்வாளருக்கு வரம். இவ்விரண்டையும் நிரந்தரமாக இணைக்கும் கூட்டுப் பேராசிரியர் பணியிடங்கள் இரண்டை ஏற்படுத்த எவ்வளவு செலவாகும்? புதிய மையம் ஒன்றின் தொடக்க விழாவுக்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2023-இல் சட்டமாயிற்று. ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி என்பது இலக்கு; அதில் ரூ.36,000 கோடி அரசு அல்லாத வழிகளில் திரட்டப்பட வேண்டும். முன்னணி நிறுவனம் ஒன்றை நடுவில் வைத்து, மாநிலப் பல்கலைக்கழகங்களை அதனோடு இணைக்கும் திட்டமும் அதன்கீழ் வந்துள்ளது. தனித்தனியே பட்டம் சூட்டுவதைவிட இது நல்லது. ஆயினும் இணைப்பின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டுக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகத் துணைவேந்தர் இல்லை. 2024 ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்ததும் அங்கும் நிர்வாகக் குழுதான். ஆளுநருக்கும் மாநில அரசுக்குமான வழக்கில் யார் வென்றாலும், விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டிய நாற்காலி காலியாக இருந்த மாதங்கள் திரும்பி வரமாட்டா.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பலகையில் 'சீர்மிகு மையம்' என்று கண்டால் மூன்று செய்திகளைக் கேளுங்கள் என்பேன். நல்கை அளித்தவர் யார், அது எந்த ஆண்டில் முடிகிறது, மையத்தில் நிரந்தர ஊதியம் பெறும் ஆய்வாளர் எத்தனை பேர்? முதல் இரண்டுக்கும் விடை சொல்வார்கள். மூன்றாவதைக் கேட்டால் தகவல் கையேட்டைத் தருவார்கள். தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஆசிரியர் எண்ணிக்கை, வெளியிலிருந்து பெற்ற ஆய்வு நிதி, முனைவர் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கையேட்டை மூடிவிட்டு அதைப் பாருங்கள். அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு அலுவலர் பட்டியலையும் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. பெரும்பாக்கம் நிறுவனமும் இதற்கு உட்பட்டதே. அப்பட்டியலில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம், ஒப்பந்தப் பணியாளர் என மூன்று பத்திகளை அருகருகே அச்சிட்டு, ஆண்டுதோறும் முதலமைச்சர் தலைமையிலான அதன் கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கலாம். அதற்குப் புதிய சட்டமோ புதிய நல்கையோ தேவையில்லை.